டிவி காமெடியை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்ப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நண்பர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். டிவியில் அவ்வளவு நன்றாக இருந்தது படமாக வரும்போது ஏன் அப்படி ஆகிறது, ஏன் எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள், எந்தப் படத்தைப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன். படங்களின் கதை நிறையவே வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில், எந்தப் படங்களைச் சொல்கிறீர்கள்?

டிவியில் பார்த்த அதே ஆட்கள், அதே நடிகர்கள், ஆனால் ஊரை விட்டுக் கிளம்பி வேறொரு நாட்டில் போய் மாட்டிக்கொள்ளும் படங்கள். நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவர் மிஸ்டர் பீன். 1997-இல் லாஸ் ஏஞ்சலிஸ் போனார், 2007-இல் பிரான்ஸ் போனார். 'தி இன்பிட்வீனர்ஸ்' தொடரின் நான்கு பையன்கள் 2011-இல் கிரேக்கத்தின் கிரீட் தீவுக்கும் 2014-இல் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். 'ஆர் யூ பீயிங் சர்வ்ட்?' தொடரின் துணிக்கடை ஊழியர்கள் 1977-இலேயே ஸ்பெயினுக்குப் போய்விட்டார்கள். 'அப்சல்யூட்லி ஃபேபுலஸ்' தோழிகள் 2016-இல் தென் பிரான்ஸுக்கு, 'பீப்பிள் ஜஸ்ட் டூ நத்திங்' தொடரின் திருட்டு வானொலிக் கூட்டம் 2021-இல் ஜப்பானுக்கு. 'தி திக் ஆஃப் இட்' என்ற அரசியல் தொடரிலிருந்து கிளைத்த 'இன் தி லூப்' (2009) லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே நடக்கிறது.

அமெரிக்காக்காரர்கள் தங்கள் நடிகர்களை வைத்து 'தி ஆஃபீஸ்' தொடரைத் திரும்ப எடுத்தார்களே, அது ரீமேக். அந்த விஷயத்துக்குள் இங்கே போகவில்லை.

ஏன் எப்போது பார்த்தாலும் வெளிநாடு?

தியேட்டருக்கு ஆள் வர ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான் இதன் ஆரம்பம். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து சும்மா பார்த்த ஆட்களைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றால், வீட்டில் கிடைக்காத ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும். கடல், வெயில், பெரிய திரையில் அகலமாக விரியும் ஊர். திகில் படங்களுக்குப் பேர்போன ஹாமர் நிறுவனம் 1971-இல் 'ஆன் தி பஸஸ்' தொடரைப் படமாக எடுத்து பிரிட்டனில் பெரிய வசூல் பார்த்தது. அதற்கப்புறம் அந்தப் பத்தாண்டு முழுக்க டிவி தொடர்கள் வரிசையாகப் படமாயின. அதே ஹாமர் 1973-இல் எடுத்த 'ஹாலிடே ஆன் தி பஸஸ்' படத்தில் வேல்ஸ் கடற்கரை விடுமுறை முகாமுக்குத்தான் போனார்கள், வெளிநாடு வரை போகவில்லை. ஆனால் 'எல்லோரையும் விடுமுறைக்குக் கூட்டிப்போ' என்ற வழி அப்போதே போட்டாகிவிட்டது.

இன்னொன்று, அது ஆங்கிலேயர்களின் வாழ்க்கையிலேயே நடந்துகொண்டிருந்த விஷயம். விமானம், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குக் கிடைக்கும் பேக்கேஜ் டூர்கள் பரவியதும், பிளாக்பூல் கடற்கரையில் மழையில் நனைந்துகொண்டிருந்த சாதாரணக் குடும்பங்கள் ஸ்பெயினுக்குப் போக ஆரம்பித்தன. வாழ்நாளில் முதல்முறை வெளிநாடு, மொழி தெரியாது, சாப்பாடு பிடிக்காது, ஹோட்டல் பாதிதான் கட்டி முடித்திருக்கும். பார்க்கிறவர்கள் பலருக்கும் சொந்த அனுபவம் அது.

அரை மணி நேரத் தொடரை ஒன்றரை மணி நேரமாக இழுத்தால் போதாதா?

போதாது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் எடுக்கப்படாமலே போன ஒரு படம். 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடர் டார்க்கே என்ற கடற்கரை ஊரில் ஒரு சின்ன ஹோட்டல், அதை நடத்தும் கடுகடுப்பான பேசில், அவர் மனைவி சிபில், ஸ்பெயின் பணியாளர் மானுவேல். 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு, மொத்தமே 12 எபிசோட்கள். பேசிலாக நடித்து, தொடரை எழுதியவர்களிலும் ஒருவரான ஜான் க்ளீஸிடம் ஒரு படக் கதை இருந்தது. மானுவேலின் குடும்பத்தைப் பார்க்க பேசில் ஸ்பெயினுக்குக் கிளம்புகிறார். ஹீத்ரோ விமான நிலையத்தில் விமானம் பல மணி நேரம் தாமதம். ஒருவழியாக ஏறி உட்கார்ந்தால் ஒரு கடத்தல்காரன் எழுந்து நிற்கிறான். ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்த பேசில் அவனையே மடக்கிப் பிடித்துவிடுகிறார். சரி, இப்போது எல்லோரும் பாராட்டுவார்கள் என்று பார்த்தால், விமானத்தைத் திரும்ப லண்டனுக்கே திருப்புவதாக விமானி அறிவிக்கிறார். உடனே பேசில் துப்பாக்கியை எடுத்து, ஸ்பெயினுக்குத்தான் போக வேண்டும் என்று தானே விமானத்தைக் கடத்துகிறார். விடுமுறை முழுக்க ஸ்பெயின் சிறையில்.

இந்தக் கதையைப் படிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனாலும் க்ளீஸ் அதை எடுக்கவில்லை. அவர் சொன்ன காரணம், முப்பது நிமிடம் என்றால் குழப்பத்தை ஏற்றிக்கொண்டே போய் உச்சியில் முடித்துவிடலாம், தொண்ணூறு நிமிடத்தில் அப்படி ஏறிக்கொண்டே இருக்க முடியாது, நடுவில் இறங்கி மறுபடி இன்னொரு உச்சிக்கு ஏற வேண்டும். அந்த இறக்கத்தில் பேசிலை என்ன செய்வது? அமைதியான பேசிலை யார் பார்க்க வருவார்கள்?

மூன்று எபிசோடை ஒட்டவைத்தால் படம் வராது. பீன் தொடரின் பல எபிசோட்கள் இரண்டு மூன்று தனித்தனித் துண்டுகள்தான்: 1990 புத்தாண்டு தினத்தில் வந்த முதல் எபிசோடில் ஒரு பரீட்சை, ஒரு கடற்கரை, ஒரு சர்ச். அங்கே ஒன்றுக்கொன்று சம்பந்தம் தேவையில்லை. படத்தில் தேவைப்படுகிறது.

சரி, வெளிநாடு போனால் கதை கெட்டுப்போகிறது என்கிறீர்களா?

வெளிநாட்டின் மேல் எனக்கு வருத்தமில்லை. சிட்காம், அதாவது ஒரே ஆட்களை ஒரே சூழலில் வைத்து எடுக்கும் நகைச்சுவைத் தொடர், தப்பிக்க முடியாத ஆட்களின் கதை. ஒரே கடை, ஒரே வகுப்பு, ஒரே அலுவலகம், பிடிக்காத ஆளோடு தினமும் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாக வேண்டும். சிரிப்பு அந்த நெருக்கடியில்தான் பிறக்கிறது. விடுமுறை என்றால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது, எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரோடு வேண்டுமானாலும் பேசலாம். அதனால் எழுதுகிறவர் புது ஊரில் புதுசாக ஒரு பொறி கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் அந்த ஆளுடைய குறைக்கு அளவெடுத்துச் செய்த பொறியாக இருக்க வேண்டும். இதைச் செய்த படங்கள் நன்றாக இருக்கின்றன. செய்யாதவை சுற்றுலா வீடியோ மாதிரி ஆகிவிடுகின்றன.

செய்யாத படத்துக்கு ஒரு உதாரணம்?

'ஆர் யூ பீயிங் சர்வ்ட்?' (1977). பி.பி.சி.யில் 1972 முதல் 1985 வரை ஓடிய தொடர், கிரேஸ் பிரதர்ஸ் என்ற பழைய காலத்துப் பெரிய கடை. ஒரே தளத்தில் ஆண்கள் துணிப் பிரிவும் பெண்கள் துணிப் பிரிவும். அதன் உயிரே பதவி வரிசைதான். யார் முதலில் வாடிக்கையாளரிடம் பேசலாம், யார் யாரை எப்படி அழைக்க வேண்டும், தள மேற்பார்வையாளர் கேப்டன் பீகாக் கோட்டில் பூ குத்திக்கொண்டு வந்து நின்றால் எல்லோரும் எப்படி விறைப்பாக வேண்டும், இதெல்லாம்.

படத்தில் கடையைப் புதுப்பிக்க மூடிவிட்டு எல்லோரையும் கோஸ்டா ப்ளாங்கா என்ற கற்பனை ஸ்பானிய ஊருக்கு அனுப்புகிறார்கள். ஹோட்டலில் அறை இல்லை, கூடாரத்தில் தங்கவைக்கிறார்கள், அப்புறம் அங்கே ஒரு புரட்சி வேறு வெடிக்கிறது. கவுன்ட்டர் இல்லை, வாடிக்கையாளர் இல்லை, அதிகாரம் காட்ட இடமும் இல்லை. பெண்கள் துணிப் பிரிவின் தலைவி திருமதி ஸ்லோகோம் யாரிடம் முறைப்பாகப் பேசுவார்? இது முதலில் மேடை நாடகமாக வந்த கதை, படத்தையும் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள்ளேயே எடுத்தார்கள், அதனால் ஸ்பெயின் பார்த்த திருப்தியும் கிடைக்காது. அந்த நடிகர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. இதில் ஹோட்டல் மேலாளராக வருபவர் ஆண்ட்ரூ சாக்ஸ், 'ஃபால்ட்டி டவர்ஸ்' மானுவேலாக நடித்த அதே நடிகர்.

'இன்பிட்வீனர்ஸ்' ஏன் அவ்வளவு ஓடியது?

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். சுமார் 35 லட்சம் பவுண்டில் எடுத்த படம் பிரிட்டனில் மட்டும் ஏறக்குறைய 4.5 கோடி பவுண்டு வசூலித்தது. முதல் வார இறுதியிலேயே 1.3 கோடியைத் தாண்டிவிட்டது.

காரணம் என்று நான் நினைப்பது, அந்த விடுமுறை கதைக்காக ஒட்டவைத்தது இல்லை. இ4 சேனலில் 2008 முதல் 2010 வரை மூன்று பருவம், 18 எபிசோட்கள், வில், சைமன், ஜே, நீல் என்ற நான்கு பள்ளிக்கூடப் பையன்கள். தொடர் முழுக்க அவர்கள் பேசுவதெல்லாம் பெண்கள், குடி, பெரியவர்களாக ஆவது பற்றித்தான், நடப்பது ஒன்றுமில்லை. பள்ளி முடித்ததும் பெற்றோர் இல்லாமல் நண்பர்களோடு மாலியா (படத்தில் இவர்கள் போகும் கிரீட் ஊர்), மகலூஃப், அய்யா நாப்பா என்று கடற்கரை ஊர்களுக்குக் கிளம்புவது அங்கே அந்த வயதுப் பிள்ளைகள் நிஜமாகச் செய்வது. ஆக மாலியா என்பது அவர்கள் மூன்று பருவமாகப் பீற்றிக்கொண்ட எல்லாவற்றுக்கும் பரீட்சை நடக்கும் இடம். சொன்னதைச் செய்துகாட்ட வேண்டும், சாக்குச் சொல்ல முடியாது. பொறி என்று நான் சொன்னது இதைத்தான்.

முதல் இரவு ஒரு காலி பாரில், எதிரே உட்கார்ந்திருக்கும் நான்கு பெண்களை நோக்கி இவர்கள் ஆடிக்கொண்டே நகரும் காட்சி போதும். கூட்டமில்லாத தளத்தில், யாரும் கேட்காத ஆட்டம். அப்புறம் சைமன், விட்டுப்போன காதலியைப் பார்க்கப் படகு விருந்துக்கு டிக்கெட் வேண்டும் என்பதற்காக உடுத்தியிருக்கும் துணி வரை எல்லாவற்றையும் விற்கிறான், பணமும் கைக்கு வரவில்லை. அதே டிக்கெட்டை ஜே நான்கு பேருக்குமே ரகசியமாக வாங்கிவைத்திருக்கிறான், இனி ஆளுக்கொரு பக்கம் பிரியப்போகிறோம் என்ற துக்கத்தை வாயால் சொல்லத் தெரியாமல். தொடரில் எப்போதும் பொய்யே பேசிய பையனிடமிருந்து அது வரும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. க்ளீஸ் சொன்ன அந்த இறக்கம் இருக்கிறதே, அதை இவர்கள் இப்படி நிரப்பினார்கள். எழுதிய இயன் மோரிஸும் டேமன் பீஸ்லியும் தொடரை உருவாக்கியவர்களே, இயக்கிய பென் பால்மரும் தொடரிலிருந்தே வந்தவர்.

பச்சையான பேச்சு நிறைய. வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கும் படம் இல்லை.

சிரிப்பொலி இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

யாரும் யோசிக்காத விஷயம், ஆனால் பெரிய விஷயம். பழைய சிட்காம்களை ஸ்டுடியோவில் நிஜப் பார்வையாளர்கள் முன்னால் எடுத்தார்கள். நடிகர் ஒரு வசனம் சொல்லிவிட்டு, சிரிப்பு எழும்பி அடங்கும்வரை முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருப்பார், அந்தக் காத்திருப்பிலேயே இரண்டாவது சிரிப்பு வாங்கிவிடுவார். படத்தில் எதிரே ஆளில்லை. எவ்வளவு இடைவெளி விடுவது என்று எடிட்டிங் மேஜையில் ஊகிக்க வேண்டும். குறைவாக விட்டால் தியேட்டர் சிரிப்பில் அடுத்த வசனம் முழுகிவிடும், அதிகமாக விட்டால் அமைதி கொல்லும். 1970களின் படங்களில் வசனத்துக்கு வசனம் ஒரு வெற்றிடம் தொங்குகிறதே, அது ஸ்டுடியோ பழக்கம்.

'இன்பிட்வீனர்ஸ்', 'தி திக் ஆஃப் இட்' இரண்டும் தொடக்கத்திலிருந்தே சிரிப்பொலி இல்லாமல், வெளியிடங்களில், சினிமா மாதிரி எடுக்கப்பட்டவை. பெரிய திரைக்கு அவை சுலபமாகப் போய்ச் சேர்ந்ததற்கு இதுவும் காரணம்.

பீன் படங்களில் எது மேல்? வசூலில் அமெரிக்கப் படம்தானே?

வசூலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1997 படம் உலகம் முழுக்க சுமார் 25 கோடி டாலர், 2007 படம் சுமார் 23 கோடி. என் ஓட்டு பிரான்ஸுக்கு. காரணம் கொஞ்சம் நீளம்.

பீன் எந்த ஊரிலும் வெளியூர்க்காரர்தான். லண்டனில் தன் அறையிலேயே அவர் வேற்றுக்கிரகவாசி மாதிரித்தான் இருப்பார். பீனாக நடிக்கும் ரோவன் அட்கின்சன் 1987-இல் மான்ட்ரியல் நகைச்சுவை விழாவில் ஆங்கில நிகழ்ச்சியை விட்டுவிட்டு, பிரெஞ்சு மொழி நிகழ்ச்சியில் தன்னைச் சேர்க்கச் சொல்லி நடித்துப் பார்த்தார், பேச்சில்லாமல் இந்த ஆள் வேறு மொழிக்காரர்களிடம் எடுபடுவாரா என்று தெரிந்துகொள்ள. எடுபட்டார். எங்கள் பாட்டிக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது, பீன் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்.

மெல் ஸ்மித் இயக்கிய 1997 படத்தில், அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1871-இல் வரைந்த தன் தாயின் ஓவியத்தை ஒரு அமெரிக்க ஜெனரல் கொடுத்த ஐந்து கோடி டாலரில் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்திலிருந்து வாங்கி லாஸ் ஏஞ்சலிஸ் கொண்டுவருகிறார்கள். லண்டன் ஓவியக்கூடம், தங்கள் காவலாளி பீனை எப்படியாவது தொலைத்துக்கட்டினால் போதுமென்று, கலை நிபுணர் என்று சொல்லி அங்கே அனுப்பிவிடுகிறது. பீன் ஓவியத்தின் மேல் தும்முகிறார், துடைக்கிறார், கைக்குட்டையில் மை, அதை அழிக்கப்போய் முகமே அழிகிறது. அந்தப் பத்து நிமிடம் அருமை. ஆனால் அவரை வீட்டில் தங்கவைக்கும் அமெரிக்கக் குடும்பத்தின் சண்டை, பிரிவு, மகளின் விபத்து என்று கதை அவர்கள் பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது. பீன் நீளமாகப் பேச வேண்டியும் வருகிறது. ஓவியத்தைப் பற்றி அவர் செய்யும் உரை சிரிக்க வைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அவர் பேசப் பேச நமக்குத் தெரிந்த பீன் கொஞ்சம் கரைகிறார்.

ஸ்டீவ் பெண்டெலாக் இயக்கிய 2007 படத்தில் சர்ச் குலுக்கலில் பரிசு விழுகிறது: கேன் நகரத்துக்குப் பயணம், ஒரு வீடியோ கேமரா, 200 யூரோ. பீனின் ஆசை ஒன்றே ஒன்று, கடற்கரைக்குப் போக வேண்டும். அவ்வளவு நேரான கதை. திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பாரிஸின் குறுக்கே நேர்கோட்டில் நடக்கிறார். கார் தெ லியோன் ரயில் நிலையத்தின் ல ட்ரேன் ப்ளூ உணவகத்தில் என்னவென்று தெரியாமல் கடலுணவுத் தட்டை வரவழைத்துவிட்டு, சிப்பிகளைப் பக்கத்து மேஜைப் பெண்ணின் கைப்பைக்குள் தள்ளிவிடுகிறார். அவரால் அப்பாவைப் பிரிந்த ஒரு ரஷ்யச் சிறுவன் கூடவே வருகிறான், இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. காசில்லாமல் சந்தையில் நின்று புச்சினியின் பாட்டுக்கு வாயசைத்து நடித்துக் காசு சேர்க்கிறார்கள். யாருக்கும் எதுவும் விளக்கிச் சொல்லப்படுவதில்லை. கடைசியில் கடல் கண்ணில் பட்டதும் கூரை, வண்டி என்று கிடைத்ததன் மேலெல்லாம் நடந்து நேராக மணலில் இறங்குகிறாரே, சார்ல் த்ரெனேயின் 'லா மேர்' பாட்டோடு, எத்தனை முறை பார்த்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. பேச்சில்லாத பிரெஞ்சு நகைச்சுவைக்கு இயக்குநரும் நடிகருமான ழாக் தாத்தி 1953-இல் போட்ட பாதை அது, படத்தின் பெயரே அவருடைய 'முசியே ஹுலோவின் விடுமுறை'யை நினைவுபடுத்தும்.

'இன் தி லூப்' தொடரின் படம்தானா? ஆட்களின் பெயரே வேறாக இருக்கிறதே?

ஆமாம், அதில் ஒரு விநோதம். கிறிஸ் அடிசன் தொடரில் ஒல்லி, படத்தில் டோபி. இப்படிப் பலர். பிரதமரின் ஊடகத் தொடர்பு அதிகாரியாக பீட்டர் கபால்டி நடிக்கும் மால்கம் டக்கர் அதே ஆள்தான். தொடரைப் பார்க்காதவருக்கும் கதை புரிய வேண்டும் என்றால் இது நல்ல வழி, பழைய சரித்திரம் எதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.

ஒரு பிரிட்டிஷ் மந்திரி வானொலியில் போர் பற்றி உளறிவைக்கிறார், அதைப் பிடித்துக்கொண்டு வாஷிங்டனில் இரு தரப்பும் அவரைத் தங்கள் கூட்டங்களில் உட்காரவைக்கப் பார்க்கிறார்கள். லண்டனில் எல்லோரையும் கெட்ட வார்த்தையால் நடுங்கவைக்கும் டக்கர், வாஷிங்டனில் பாலகன் மாதிரி இருக்கும் ஒரு அதிகாரியைப் பார்க்க அனுப்பப்படுகிறார். அவர் அதிகாரம் எவ்வளவு சின்னது என்று அந்த அறையில் தெரிந்துவிடுகிறது. லண்டனிலேயே கதையை வைத்திருந்தால் இது தெரிந்திருக்காது. அர்மாண்டோ இயனூச்சியும் கூட்டாளிகளும் எழுதிய திரைக்கதை ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. என் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான்.

வெளிநாட்டுக்காரர்களைக் கேலி செய்வதாக இருக்கிறதே?

பழைய படங்களில் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. 1977 படத்தின் ஸ்பானியர்கள் மனிதர்களாகவே எழுதப்படவில்லை. கேலி யார் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். 'பிக் இன் ஜப்பான்' என்று வந்த வானொலிக் கூட்டத்தின் படத்தில், ஜப்பானிய கேம் ஷோ ஒன்றில் பாட்டு பிரபலமாகிவிட்டதால் மேற்கு லண்டன் பையன்கள் டோக்கியோ போகிறார்கள். அங்கிருக்கும் ஜப்பானியர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள், வீட்டுக்குள் செருப்போடு நுழைந்து அசடு வழிவதெல்லாம் இவர்கள்தான் என்கிற ரகம். பீனின் பிரான்ஸிலும் அப்படியே.

வெளிநாட்டில் எடுத்தால் பிரிட்டிஷ் வரிச்சலுகை கிடைக்குமா?

கிடைக்கலாம். பிரிட்டிஷ் படம் என்று சான்றிதழ் வாங்க ஒரு கலாச்சாரத் தேர்வு உண்டு, 35-க்கு 18 மதிப்பெண் எடுக்க வேண்டும். கதை நடக்கும் இடம் அதில் ஒரு அம்சம்தான். கதாபாத்திரங்கள் யார், எந்த மொழி பேசுகிறார்கள், யார் வேலை செய்கிறார்கள் என்பதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. தயாரிப்புச் செலவில் குறைந்தது 10 சதவீதம் பிரிட்டனில் ஆகியிருக்க வேண்டும். 2024 முதல் உள்ள புதிய முறையில் படங்களுக்கு 34 சதவீதம், சின்ன பட்ஜெட் படங்களுக்கு 53 சதவீதம் வரை, வரிக்கு முந்தைய கணக்கு. ஆனால் அது பிரிட்டனில் செய்த செலவுக்கு மட்டும். அதனால் கடற்கரையை மட்டும் அங்கே எடுத்துவிட்டு, ஹோட்டல் அறையை லண்டன் ஸ்டுடியோவில் போடுவது லாபம். ஊர் மாற்றிக் காட்டுவதும் சகஜம்: மாலியாவாக நாம் பார்க்கும் சில காட்சிகள் ஸ்பெயினின் மகலூஃப்பில் எடுத்தவை.

தொடரைப் பார்க்காமல் படத்தைப் பார்க்கலாமா?

பீன், 'இன் தி லூப்' இரண்டையும் தாராளமாகப் பார்க்கலாம். 'இன்பிட்வீனர்ஸ்' படத்துக்கு முன் முதல் பருவத்தின் ஆறு எபிசோடையாவது பாருங்கள், ஒவ்வொன்றும் அரை மணிக்கும் குறைவு, ஒரு மாலை போதும். ஜே எவ்வளவு பெரிய புளுகன் என்று தெரிந்திருந்தால்தான் அந்த டிக்கெட் காட்சி உறைக்கும். 'அப்சல்யூட்லி ஃபேபுலஸ்' படத்தைத் தொடர் பார்க்காதவருக்கு நான் சொல்ல மாட்டேன், மாடல் அழகி கேட் மாஸ் தேம்ஸ் நதியில் விழுவதும் இவர்கள் இருவரும் கேனுக்கு ஓடுவதும் வெறும் சம்பவங்களாகத் தெரியும். 1977 படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அந்தக் கடையின் நல்ல எபிசோட்கள் நாலைந்தைப் பார்த்துவிடுங்கள், அந்த நடிகர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது.